மலைக்கோட்டையின் மீனிங் நோட்டு

1763ஆம் ஆண்டு திருச்சிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதறியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அங்கே தங்கியிருந்த காலம் அது. பலர் மாண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அநாதைகளாக நின்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் தரங்கம்பாடியிலிருந்து திருச்சிக்கு வந்திருந்தார் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். அந்தப் பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஆங்கிலப் பாடம் கால் ஊன்றியது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

ஷ்வார்ட்ஸுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை; கற்றுக்கொண்ட மொழிதான். தமிழ், மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி என்று அவர் கற்ற மொழிகளின் வரிசையில் அதுவும் ஒன்று. 1766இல் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. சிப்பாய்களுக்கு ஆங்கிலத்திலும் ஊராருக்குத் தமிழிலும் அவர் போதித்தார். பிறகு தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தார். 1785 வாக்கில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. கம்பெனியே பணம் கொடுத்து ஆதரித்த பள்ளிகள் அவை. மெக்காலே தம்முடைய கல்விக் குறிப்பை எழுதியது 1835இல். காவிரிக்கரையில் தமிழ்ப் பிள்ளைகள் அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

எப்படிக் கேட்டிருப்பார்கள்? அதைப் புரிந்துகொள்ள, அவர்கள் ஏற்கெனவே சொற்களைக் கற்றுக்கொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதலில் மணலில் எழுத்து. அடுத்து ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி. இன்னும் கொஞ்சம் மேலே போனால் நிகண்டு. மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்த பையனுக்கு ஊரில் மரியாதை இருந்தது. அதில் பன்னிரண்டு தொகுதிகள். தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று ஒரே பொருளைக் குறிக்கும் பல பெயர்களை முதல் பத்துத் தொகுதிகள் அடுக்கும். பதினொன்றாம் தொகுதி வேறு வகை: ஒரே சொல்லுக்கு உரிய பல பொருள்களை அது செய்யுளாகக் கட்டித் தரும். இந்தப் பதினொன்றாம் தொகுதியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு சொல் இடத்துக்கு ஏற்பப் பொருள் மாறும் என்பது நிகண்டு படித்த தமிழ்ப் பிள்ளைக்குப் பாலபாடம். அதே பிள்ளையின் பேரன் ஆங்கிலம் படிக்கப் போனபோது அந்தப் பாலபாடம் எங்கோ நழுவிவிட்டது. அவன் கையில் இருந்தது மீனிங் நோட்டு. அதன் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். இரண்டு தலைமுறைகளுக்குள் எப்படி இது நேர்ந்தது என்பதுதான் திருச்சியின் ஆங்கிலப் படிப்பு வரலாற்றில் கவலையோடு கேட்க வேண்டிய கேள்வி.

செய்யுளிலிருந்து அகரவரிசைக்கு மாறிய கதையும் இந்தப் பக்கத்து மண்ணோடு சேர்ந்ததுதான். பழைய திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த இத்தாலியத் துறவி வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள். மனப்பாடம் செய்யாதவரும் ஒரு சொல்லைத் தேடி எடுக்கலாம் என்ற வசதி அதனால் தமிழுக்கு வந்தது. அதே நேரத்தில் சொற்களை ஓசையாலும் உறவாலும் கோத்திருந்த நூலும் அறுந்தது. தேடுகிறவருக்கு அது பெரிய லாபம். மனத்தில் ஏற்றிக்கொள்ள நினைப்பவருக்கு அதே அளவு லாபம் என்று சொல்ல முடியாது.

அடுத்து வந்த அகராதிகள் யாருக்காக எழுதப்பட்டன என்பதையும் கவனிக்க வேண்டும். சென்னை வேப்பேரியில் ஃபாப்ரீசியஸ் 1779இல் அச்சிட்ட அகராதி தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவது. தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரப் பாதிரிமாருக்கும் அதிகாரிகளுக்கும் அது உதவியது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் பகுதி 1786இல்தான் வெளியானது. 1862இல் வந்த வின்ஸ்லோவின் பேரகராதி 67 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனாரிகளும் தமிழ்ப் புலவர்களும் பல பத்தாண்டுகள் சேர்த்த உழைப்பு அதற்குள் இருக்கிறது. அதுவும் தமிழ்–ஆங்கில அகராதிதான். ஆங்கிலச் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு தவித்த உறையூர்ப் பையனின் கைக்கு இவை எட்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விலையும் கனம், புத்தகமும் கனம். அவனுக்கு வாய்த்த அகராதி, தெரிந்த மனிதர்தான்.

அப்படி ஒரு தெரிந்த மனிதரிடம் கற்றவர்தான் ச. வேதநாயகம் பிள்ளை. திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் கற்பித்தார். பிறகு வேதநாயகம் பிள்ளையே அதே நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளரானார், அடுத்து மொழிபெயர்ப்பாளரானார். 1857இல் முன்சீப் பதவி கிடைத்துத் தரங்கம்பாடிக்குப் போனார். பின்னர் மாயூரத்தில் முன்சீபாக இருந்ததால் அந்த ஊர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அவர் வெளியிட்டது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். நாவலுக்கு முன்னால் அவர் செய்த ஒரு வேலை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் நூலாக வெளியிட்டார்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் மேசையை எண்ணிப் பார்த்தால் சொற்பொருள் என்பது எவ்வளவு பாரமான வேலை என்று விளங்கும். சாட்சி தமிழில் சொல்கிறான். துரை ஆங்கிலத்தில் கேட்கிறார். நடுவில் நிற்பவர் ஒரு சொல்லைத் தவறாக எடுத்தால் ஒருவனுடைய நிலம் போகும், அல்லது அவன் சிறைக்குப் போவான். ‘சென்டென்ஸ்’ என்பதற்கு வாத்தியார் சொன்ன பொருள் வாக்கியம். இங்கே அது தண்டனை. ‘எக்ஸிகியூஷன்’ கிரிமினல் வழக்கில் தூக்குமேடை வரை போகும் சொல். சிவில் வழக்கிலோ டிக்ரியை நிறைவேற்றிப் பணத்தை வசூலிப்பது. இந்த வேறுபாட்டை நோட்டில் எழுதிப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கட்டுக் கட்டாக வழக்குத் தாள்களைப் புரட்டி, ஒரே சொல் பத்து வழக்குகளில் எப்படியெல்லாம் வருகிறது என்று பார்த்தவருக்குத்தான் அது படியும். ஆவணக் காப்பறையில் கழிந்த ஆண்டுகள் வேதநாயகம் பிள்ளைக்கு அந்தப் பயிற்சியைத் தந்திருக்க வேண்டும். அவர் நிகண்டு மரபையும் நன்கு அறிந்தவர். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நண்பர்; அவர்மீது ‘குளத்துக் கோவை’ பாடியவர். பதினொன்றாம் தொகுதியின் அறிவு ஆங்கிலப் படிப்புக்குள் உயிரோடு நுழைந்த இடம் என்று திருச்சி நீதிமன்றத்தைச் சொல்லத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டு நீதிமன்றத்தில், தமிழ் நீதிபதியின் முன், தமிழ் வக்கீல் ஆங்கிலத்தில் வாதாடுவதை அவர் தம் நாவலில் கடுமையாகக் கண்டித்தார். ஆங்கிலம் தெரியாதவரின் பொறாமை என்று அதை யாரும் ஒதுக்க முடியாது. ஆங்கிலச் சட்டச் சொற்களைத் தமிழில் சொல்ல முடியும் என்பதை நூலாகவே செய்து காட்டியவரின் குரல் அது.

இதற்கிடையில் படிப்பின் திசை மாறியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது; மெட்ரிகுலேஷன் தேர்வு வந்தது. தேறினால் குமாஸ்தா வேலை. தவறினால், ‘மெட்ரிக் வரை படித்தவர்’ என்ற அடைமொழி மட்டும். தேர்வை ஒட்டித் திருச்சியில் கல்லூரிகள் வளர்ந்தன. கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் 1826 ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சியில் குளிக்கும்போது இறந்தார். தூய யோவான் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவர் பெயர் பின்னாளில் ஒரு பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஆனது. அவற்றுக்கு மூலமான எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலேய மிஷனின் உயர்நிலைப் பள்ளி 1873இல் இரண்டாம் நிலைக் கல்லூரியாகவும், 1883இல் முதல் நிலைக் கல்லூரியாகவும் உயர்ந்தது. அதே 1883இல், நாகப்பட்டினத்தில் 1844 முதல் இயங்கிவந்த தூய வளனார் கல்லூரியை இயேசு சபையார் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். நேஷனல் கல்லூரி 1919இல் வந்தது. பெண்களுக்கு ஹோலி கிராஸ் கல்லூரி 1923இல் கதவு திறந்தது. ‘பெண்மதி மாலை’ எழுதிப் பெண்கல்விக்கு வாதாடிய வேதநாயகம் பிள்ளை மறைந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

திருவானைக்காவலில் 1888இல் சி.வி. ராமன் பிறந்தபோது அவருடைய தந்தை ஆர். சந்திரசேகர ஐயர் திருச்சியில் பள்ளி ஆசிரியர். அக்காலத்தில் படித்த குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான்: ஆங்கிலம் கற்றவர் ஆங்கிலத்தில் கற்பித்துப் பிழைத்தார். கணக்கும் சரித்திரமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலேயே நடந்தன. எனவே ஒரு மாணவனுக்கு ஆங்கிலச் சொல் தெரியவில்லை என்றால் ஒரு பாடம் மட்டும் தவறாது. எல்லாப் பாடமும் தவறும்.

மெட்ரிக்குக்கும் பி.ஏ.க்கும் நடுவே முதலில் எஃப்.ஏ., பின்னர் 1910களிலிருந்து இண்டர்மீடியட் என்று இரண்டாண்டு வகுப்பு இருந்தது. பையன்கள் பலர் இடறி விழுந்த வாசல் அதுதான். காரணம் சொற்களின் தன்மையிலேயே இருக்கிறது. நாற்காலி, பூனை, மழை போன்றவற்றைக் குறிக்கும் சொற்களைப் படம் காட்டிச் சொல்லிவிடலாம். துறைச்சொற்களைத் துறைக்காரர் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுப்பார். நடுவில் நிற்கும் சொற்கள்தான் பிடி கொடுக்காதவை. ‘ரிலக்டன்ட்’ என்பதைப் படமாக வரைய முடியாது. ‘அஸ்யூம்’ என்பது ஓரிடத்தில் வைத்துக்கொள்வது, இன்னோரிடத்தில் பொறுப்பேற்பது. ‘மெயின்டெயின்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி உரைநடைப் பாடத்தில் ஓர் ஆசிரியர் ஒரு கருத்தை ‘மெயின்டெயின்’ செய்தால் அதை விடாமல் வலியுறுத்துகிறார் என்று பொருள். நீதிமன்றத்தில் ‘மெயின்டெனன்ஸ்’ என்பது கைவிடப்பட்ட மனைவி கேட்கும் ஜீவனாம்சம். ரயில்வே பட்டறையில் அதுவே எந்திரத்துக்கு எண்ணெய் போட்டுப் பழுது பார்ப்பது. மூன்றும் வழங்கியது ஒரே ஊரில். ‘பராமரித்தல்’ என்று ஒற்றைச் சொல்லை வலப்பக்கம் எழுதிய மாணவன் மூன்றில் ஒன்றைத்தான் பிடித்தான்.

ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நீளமான பாடம், நெருக்கும் தேர்வு, நிறைந்த வகுப்பு. “மீனிங் எழுதிக்கோ” என்று கரும்பலகையில் சொற்களைப் போட்டுக்கொண்டே போவதுதான் அவர்களால் முடிந்தது. மறுநாள் டிக்டேஷன். தவறினால் இம்போசிஷன். இதில் ஒரு பலனும் இருந்ததை மறுக்கக் கூடாது. ஸ்பெல்லிங் அசையாமல் நின்றது. எழுத்தும் மணிமணியாக வந்தது. நிகண்டு ஒப்பித்த தொண்டைக்கு இந்தப் பாட்டும் பழகியதுதான். ஆனால் நிகண்டில் சொல் செய்யுளின் நடுவே, தன் சுற்றத்தோடு வந்தது. மீனிங் நோட்டில் அது தனியே வந்தது.

ரயில்வே அடுத்த கதவு. 1861–62இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குத் தண்டவாளம் வந்தது. பின்னர் தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்குத் திருச்சி தலைமையிடமானது. நாகப்பட்டினத்துப் பட்டறை 1920களின் இறுதியில் திருச்சியை ஒட்டிய பொன்மலைக்கு வந்து சேர்ந்தது. ஃபிட்டர், டர்னர், ஃபயர்மேன், பாயிண்ட்ஸ்மேன், ஷண்டிங், கப்ளிங், பாய்லர் என்று நூற்றுக்கணக்கான சொற்கள் இங்கே பள்ளிக்கூடத்தின் உதவியில்லாமல் ஊருக்குள் இறங்கின. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி ஒருவர் ‘வாக்குவம்’, ‘பிரஷர்’, ‘லீக்’ ஆகியவற்றின் வேறுபாட்டைக் கை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தச் சொற்களை ஸ்பெல்லிங் பிசகாமல் எழுதும் கல்லூரி மாணவனுக்கு அவை எங்கே எப்படி நிகழ்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. அரியமங்கலத்திலும் பொன்மலைப்பட்டியிலும் குடியேறிய குடும்பங்களின் பேச்சில் இந்தச் சொற்கள் தமிழ் வேற்றுமை உருபுகளோடு இயல்பாகக் கலந்தன. ஆங்கிலச் சொல்லை உண்மையாகவே உடைமையாக்கிக்கொண்டவர்கள் என்று இவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கல்வி வரலாறு எழுதுவோர் பொன்மலையை விட்டுவிடுவது பெரிய குறை.

தேர்வுக்கு முதுகு காட்டியும் சிலர் ஆங்கிலத்தை ஆண்டார்கள். திருச்சி நேஷனல் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ரா. கிருஷ்ணமூர்த்தி 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளியை விட்டு வெளியேறினார். பிறகு கல்கி என்று அறியப்பட்ட அவர் காந்தியின் தன்வரலாற்றைத் தமிழில் தந்தவர்களில் ஒருவர். ஆங்கில வாக்கியத்தின் பொருளை உள்வாங்கி, அது ஆங்கிலத்தில் இருந்த சுவடே தெரியாமல் தமிழில் சொல்லும் கலையை அவருடைய நடையில் யாரும் காணலாம். குளத்தூர் வேதநாயகம் பிள்ளை நீதிமன்றத்தில் செய்ததைக் கல்கி பத்திரிகையில் செய்தார்.

எந்தச் சொற்களை முதலில் கற்பது என்ற கேள்வியை இந்திய வகுப்பறையிலிருந்தே ஒருவர் எழுப்பினார். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட்தான் அவர். வங்காளத்துப் பிள்ளைகள் பலர் பாதியில் படிப்பை நிறுத்துவதை அவர் பார்த்தார். நின்றவன் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். அடிக்கடி வரும் சொற்களை முதலில் கொடுத்தால், எந்த வகுப்பில் நின்றாலும் எதையாவது படித்துப் புரிந்துகொள்ளும் திறன் மிஞ்சும் என்பது அவர் முடிவு. 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள். அந்தப் பட்டியலின் உண்மையான அருமை எண்ணிக்கையில் இல்லை. 50 லட்சம் சொற்கள் கொண்ட எழுத்துத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பொருளில் நூற்றுக்கு எத்தனை தடவை வருகிறது என்பதையும் அது காட்டியது. சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி செய்த வேலையை வேறொரு வழியில் செய்த நூல் அது என்றால் மிகையாகாது.

சென்னை மாநிலத்திலும் 1950களில் ஆங்கிலப் பாடத்திட்டம் மாறியது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினமாக வரிசைப்படுத்தி, குறைந்த சொற்களோடு கற்பிக்கும் முறை வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஆசிரியர்களுக்குப் பெரிய பயிற்சி இயக்கம் நடந்தது. ஒரு குழு பயிற்சி பெற்று அடுத்த குழுவுக்குக் கற்றுக்கொடுக்க, அது இன்னொரு குழுவுக்கு என்று கிராமப் பள்ளி வரை போய்ச் சேரும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடைசிப் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது அதில் எவ்வளவு மிஞ்சும்? தேர்வுத்தாள் மாறாத வரையில் மீனிங் நோட்டும் மாறவில்லை.

தேர்வுத்தாள் வளர்த்த இன்னொரு தொழிலுக்கும் திருச்சியே தாயகம். தெப்பக்குளத்தைச் சார்ந்த பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரை தமிழகம் முழுவதும் வீடு வீடாக நுழைந்தது. அதை எழுதிய ஐயம்பெருமாள் கோனார் தூய வளனார் கல்வி நிலையத்தில் தமிழ் கற்பித்தவர். செய்யுள், பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்று பழைய உரையாசிரியர்களின் ஒழுங்கை அவர் மாணவனுக்கு ஏற்றபடி சுருக்கித் தந்தார். பதவுரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் வரும். ஆனால் அந்தப் பாட்டுக்குள், அந்த இடத்துக்கு உரிய பொருளாகவே வரும். இதுதான் அதன் வலிமை. ‘கோனார் நோட்ஸ்’ என்ற பெயரே எல்லா வகை நோட்ஸுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பின்னாளில் ஆங்கிலப் பாடத்துக்கும் கைடுகள் குவிந்தன. பாடத்தின் தலையில் சொற்பட்டியல், கீழே தமிழில் பாடச் சுருக்கம், கடைசியில் வினாவிடை. அமைப்பை எடுத்துக்கொண்டார்கள், பதவுரையின் நுட்பத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கில வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, அந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று காட்டும் ஆங்கிலக் கைடு கோனாரின் தரத்தில் வந்திருந்தால் தமிழ்வழி மாணவர்களின் கதையே வேறாக இருந்திருக்கும்.

நல்ல ஆசிரியர் கிடைத்தவர்களின் கதையும் உண்டு. ராமநாதபுரத்தில் ஷ்வார்ட்ஸ் பெயர் தாங்கிய பள்ளியில் படித்துவிட்டு 1950இல் இண்டர்மீடியட் வகுப்புக்குத் தூய வளனார் கல்லூரிக்கு வந்தார் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். திருச்சியில் தொடங்கி ராமநாதபுரம் போன அந்தப் பாதிரியாரின் பாதை கலாம் வழியாகத் திருச்சிக்கே திரும்பியது. ஆங்கிலம் கற்பித்த ஃபாதர் செக்வேரா விடுதிக் காப்பாளரும்கூட. கடைசி ஆண்டில் இலக்கியத்தில் ஆர்வம் பிறந்து டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி ஆகியோரைப் படித்ததாகக் கலாம் தம் வரலாற்றில் சொல்கிறார். தேர்வு கேட்காத புத்தகங்கள் அவை. நடுத்தரச் சொற்கள் ஒருவருக்குள் குடியேற நாவலைவிடச் சிறந்த இடம் இல்லை. கதை ஓட்டத்தில் ஒரே சொல் ஐந்தாறு தடவை வெவ்வேறு முகத்தோடு வந்து போகும்போது அகராதி தேவைப்படாமலே பொருள் விளங்கிவிடுகிறது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அதே கல்லூரியில் படித்தவர் ஸ்ரீரங்கத்து எஸ். ரங்கராஜன். சுஜாதா என்ற புனைபெயரில் அவர் செய்த பணிகளில் ஒன்று இந்தக் கட்டுரைக்கு நெருக்கமானது. கணிப்பொறி, மின்னணுவியல், மரபணு என்று புதிதாக வந்த துறைகளின் ஆங்கிலச் சொற்களை வாரப் பத்திரிகை வாசகருக்கு அவர் விளக்கினார். முதலில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் வைப்பார், உடனே அது செய்யும் வேலையை ஒரு வாக்கியத்தில் காட்டுவார், பொருந்தினால் தமிழ்ச் சொல்லைச் சேர்ப்பார். சுருங்கச் சொன்னால் வாசகருக்கு அவர் எழுதியது பதவுரை.

ஆங்கிலம் இவ்வளவு வேர்விட்ட ஊர்தான் தமிழுக்காகவும் எழுந்தது. 1938 ஆகஸ்டில் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து புறப்பட்ட தமிழர் படை நடந்தே சென்னை சேர்ந்தது. 1964 ஜனவரி 25ஆம் தேதி திருச்சி ரயில் நிலையத்தின் முன் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தார். 1968இல் இருமொழிக் கொள்கை வந்தது. பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் நிலைபெற்றன. பள்ளிக்கூடத்தில் கற்காமலே தமிழறிஞராக உயர்ந்த திருச்சிப் புகையிலை வணிகர் கி.ஆ.பெ. விசுவநாதம், பேச்சில் தேவையில்லாமல் ஆங்கிலம் கலப்பதை வாழ்நாளெல்லாம் எதிர்த்தார். ஆங்கிலச் சொல்லின் பொருளைச் சரியாக அறிந்தவருக்கே அதற்கு ஈடான தமிழ்ச் சொல் அகப்படும் என்பதால், அவருடைய பணிக்கும் மொழிபெயர்ப்பாளர்களின் பணிக்கும் பகை எதுவும் இல்லை.

உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்றுமொழி 1930களின் இறுதியிலிருந்து படிப்படியாகத் தமிழானது. அதனால் சாமானியர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி முடித்தார்கள். கல்லூரி வாசலையும் தொட்டார்கள். ஆனால் வாசலுக்கு அந்தப் பக்கம் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடந்தன. இண்டர்மீடியட் போய்ப் பி.யூ.சி. வந்தது, 1978இல் பிளஸ் டூ வந்தது. இடறும் இடம் மட்டும் அப்படியே இருந்தது. முசிறி, துறையூர், மணப்பாறை, லால்குடிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் முதலாண்டு வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இயற்பியலும் வணிகவியலும் அவர்களுக்குத் தெரியும். ‘அஸ்யூம்’, ‘டிரைவ்’, ‘ரெஸ்பெக்டிவ்லி’, ‘ஹென்ஸ்’ ஆகியவைதான் வழி மறிப்பவை.

இதை உணர்ந்த கல்லூரிகள் முதலாண்டு தொடங்கியதும் பிரிட்ஜ் கோர்ஸ் என்று சில நாள் ஆங்கிலப் பயிற்சி நடத்துகின்றன. அங்கே பாடத்தை அக்கறையோடு எடுப்பவர்கள் சொற்பட்டியலை ஒதுக்கிவிட்டு, மாணவர் எடுத்திருக்கும் துறையின் முதல் பாடப் பக்கத்தையே கையில் கொடுக்கிறார்கள். அவருக்குத் தெரிந்த துறைச்சொற்களை முதலில் வட்டமிடச் சொல்கிறார்கள். மிஞ்சும் இருபது முப்பது நடுத்தரச் சொற்கள் அந்தப் பக்கத்தில் என்ன வேலை செய்கின்றன என்று தமிழில் கேட்கிறார்கள்; மாணவரும் தமிழில் பதில் சொல்கிறார். அதே சொல்லை வேறொரு வாக்கியத்தில் வைத்து, இங்கே என்ன என்று மறுபடியும் கேட்கிறார்கள்.